நயா கிராமத்தில் ஒரு பகல்

ஹவுராவில் லோக்கல் ரயில் பிடித்து பாலிசக்கில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து வண்டி பிடித்து பிங்க்லா பக்கம் போனால் நயா. மேற்கு வங்கத்தில், மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்துச் சின்ன ஊர். வழி கேட்கவே வேண்டாம், வீட்டுச் சுவரெல்லாம் மீனும் மயிலும் துர்க்கையும்தான்.

பட்டசித்திரம் என்னும் கதைச் சுருள் ஓவியம் வரைந்து, அதைக் காட்டிப் பாடும் பட்டுவாக்களின் ஊர் இது. குடும்பப் பெயர் சித்ரகார். முஸ்லிம்கள், வரைந்து பாடுவதோ பாம்புத் தெய்வம் மனசா தேவி கதை, ராமாயணம், கிருஷ்ண லீலை. திண்ணையில் இருந்த தீதியிடம் (வங்காளத்தில் அக்கா) என் அரைகுறை இந்தியில் இதைக் கேட்டேன். "இதுதானே எங்கள் வேலை" என்று சொல்லிவிட்டுச் சாயம் குழைக்கப் போய்விட்டார்.

சாயம் பெரும்பாலும் கொல்லையிலிருந்துதான். சங்குப்பூவில் நீலம், அவரை இலையில் பச்சை, விளக்குக் கரியில் கறுப்பு. தேக்கந்தளிரைக் கசக்கிக் காட்டினார், கை சிவந்தது. மருதாணி என்று சொல்லிச் சின்ன வயதில் நாங்கள் ஏமாற்றிய அதே வித்தை! எல்லாம் சிரட்டையில். வில்வப்பழப் பசை சேர்த்தால்தான் நிறம் தாளில் பிடிக்கும். தாளின் முதுகில் பழைய புடவைத் துணி ஒட்டிவிடுகிறார்கள், எத்தனை முறை சுருட்டினாலும் கிழியாமல் இருக்க.

சுருட்டத்தான் வேண்டும். மேலிருந்து கட்டம் கட்டமாக விரித்து, விரலால் தொட்டுக்கொண்டே பாடுவார்கள். இந்தப் பாட்டுக்குப் படேர் கான் என்று பெயர். முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பாடினால் அரிசியும் கொஞ்சம் காசும் கிடைக்குமாம். இப்போது ஊர் தேடி வருகிறவர்கள் வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். நவம்பரில் நடக்கும் பட் மாயா விழாவுக்குக் கூட்டம் அதிகம்.

தமிழ்நாடு என்றதும் தீதி உள்ளே போய் ஒரு சுருளோடு வந்தார். 2004 சுனாமி. மேலே பெரிய அரக்க முகம். கீழே அலையில் மனிதர்கள், மாடு, வீடு, மரம். பாட்டில் 'சுனாமி' தவிர ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. அந்தச் சொல் வரும்போதெல்லாம் குரலை இழுத்தார். நாகப்பட்டினத்தில் பெரியம்மா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஞாபகம் வந்தது.

அதை வாங்க மனம் வரவில்லை. மீன் கல்யாணச் சுருளை எடுத்துக்கொண்டேன். எல்லா மீனும் மேளதாளத்தோடு ஊர்வலம் போகும். கடைசிக் கட்டத்தில், தன்னைக் கூப்பிடாத கோபத்தில் வாளை மீன் வந்து மொத்தக் கல்யாணத்தையும் விழுங்கிவிடும். அந்த இடத்தைப் பாடும்போது தீதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.