ஃபெரியில் கார் ஏறுமா?

ஜூலை 3, வியாழன்

மகள் மூவெட் என்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டுரை எழுதிப் பழகுகிறாள். 250 சொல்லுக்குக் குறையக் கூடாதாம். நானும் தமிழில் ஒன்று எழுதிக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தலைப்பு என்னுடையது: பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியில் மறுபடியும் கார் ஏற்ற வேண்டும். முப்பது வருடமாக அக்கரையில், லிட்டில் இந்தியா சாப்பாட்டுக்கடையில் கல்லாவில் உட்காருகிறவன், எனக்குத் தெரியாததா? வரிசையாக நின்ற கார்கள், கடல்காற்று, அப்பா வாங்கித் தந்த கச்சாங் பூத்தே கடலை என்று இரண்டு பக்கம் ஓடியது. எழுதும்போதே கண் கலங்கிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

"ப்பா, இது இரங்கல் உரை" என்றாள்.

கேட்பவரை இணங்க வைக்க அரிஸ்டாட்டில் மூன்று வழி சொன்னாராம்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, காரண காரியம். என்னிடம் நடுவில் உள்ளது மட்டும் வண்டி வண்டியாக இருக்கிறது. சரி என்று திருத்தினேன்: "பாலத்தில் நெரிசல், ஆகவே ஃபெரியில் கார் வேண்டும்."

"அந்த 'ஆகவே'க்குள்ள என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தால், ஃபெரி கார்களை ஏற்றினால் பாலத்தில் நெரிசல் குறையும் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை நான் எங்குமே நிறுவவில்லை. ஆதாரத்தையும் கூற்றையும் இணைக்கும் இந்தக் கண்ணியைத்தான் டூல்மின் என்பவர் 1958இல் தனியாகப் பிரித்துக் காட்டினாராம். ஒரே சொல்லில் அரைமணி நேரம் போனது.

ஜூலை 7, திங்கள்

ஜார்ஜ் டவுன் மரபுடைமை நாள், பினாங்குக்கு விடுமுறை. கடைக்கு மாலையில் போனால் போதும்.

எதிர்த்தரப்பையும் எழுதச் சொன்னாள். "சிலர் வேண்டாம் என்பார்கள், அது தவறு" என்று எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டாள். எனக்குக் கோபம். பசியாறும்போதுதான் நன்னூல் நினைவுக்கு வந்தது. அது சொல்லும் எழுவகை மதத்தில், அதாவது கொள்கையில், ஒன்று: "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே." ஒரு காலத்தில் ஒப்பித்ததுதான், இன்றைக்குத்தான் உறைத்தது. களைவதற்கு முன்னால் 'மேற்கொள்ள' வேண்டும். அவன் கருத்தை முதலில் நான் சுமக்க வேண்டும்.

சுமந்து பார்த்தேன். காருக்கு 1985இல் ஒரு பாலம், 2014இல் இன்னொன்று வந்துவிட்டது. நடந்து வருகிறவன் பாலத்தில் போக முடியாது. ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம்! 2023இல் வந்த புது ஃபெரிகள் ஆட்களுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும்தான். கார் ஏறி இறங்கும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத எழுத, எதிர்த்தரப்பு என் தரப்பைவிட நன்றாக வந்தது.

அப்புறம் மகள் மெதுவாகக் கேட்டாள்: "ப்பா, நம்மகிட்ட கார் இருக்கா?"

ஜூலை 10, வியாழன்

கூற்றையே மாற்றிவிட்டேன். கடைசி ஃபெரி இன்னும் கொஞ்சம் பிந்திப் புறப்பட வேண்டும். கடையைச் சாத்திக் கணக்கு முடித்து ஓடிவருகிறவர்களுக்காக. ஆதாரம்: போன வாரம் நான் தவறவிட்டது.

"அது உங்க கதை. உதாரணம் ஆகும், ஆதாரம் ஆகாது. மத்தவங்களும் தவறவிடுறாங்களா?"

ஜூலை 12, சனி

ஃபெரித் துறையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, கடைசி ஃபெரி போன பிறகு வந்தவர்களை எண்ணினேன். ஏழு பேர். அதில் ஒருவர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபெரியை விட்டவரா, சும்மா படுத்தவரா தெரியவில்லை. எழுப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை. ஆறு என்றே எழுதிக்கொண்டேன்.