நோக்கியா 6300 இல் தமிழ் எழுத்து வந்த கதை

சித்திரை வருஷத்துக்கு வீட்டைத் துப்புரவாக்கும்போது அலுமாரியின் அடித்தட்டில் மாமாவின் பழைய நோக்கியா 6300 கிடைத்தது. 2008 இல் கத்தாரில் இருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த செட். கீபேட்டில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் அச்சடித்திருக்கும், மெனுவிலும் தமிழ் கிடையாது. ஆனால் நான் முதன்முதலில் இணையத்தில் தமிழ் வாசித்தது இந்தச் செட்டில்தான்.

அது எப்படி என்று அந்தக் காலத்தில் கீபேட் போன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஓப்பெரா மினி என்ற உலாவியைத் திறந்து முகவரிப் பெட்டியில் ஓப்பெரா:கொன்பிக் என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், அதை ஆம் என்று மாற்றிச் சேமித்தால் அதுவரை கட்டம் கட்டமாகத் தெரிந்த பக்கம் முழுக்கத் தமிழாகிவிடும். ஓப்பெராவின் சேவர், அதாவது அவர்களுடைய கணினி, தன்னுடைய பக்கத்தில் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும், செட் அந்தப் படத்தைக் காட்டும், அவ்வளவுதான். டேட்டா கூடப் போகும், ரீலோட் போட்ட காசு கெதியில் முடியும், ஆனாலும் வாசித்தோம்.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு செட்டைக் கையில் எடுத்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. சேவர் செய்த வேலையைச் செட்டுக்குள்ளேயே செய்ய முடியாதா? இணையம் இல்லாமல், இந்தச் செட்டிலேயே ஓடும் ஒரு சின்ன விளையாட்டில், தமிழ் எழுத்து வரவேண்டும். அதற்குத்தான் இரண்டு மாதம் போனது.

முதலில் செட்டுக்கு உயிர் வரவேண்டும். பற்றரி வீங்கிப் பின்மூடியைத் தூக்கிவிட்டிருந்தது. வீங்கின பற்றரியைக் குத்தவோ அமத்தவோ கூடாது, நான் அதை மணல் போட்ட பேணியில் வைத்து வெளியே எடுத்துவிட்டேன். 6300 க்கு வேண்டியது பிஎல்-4சி, 860 மில்லி ஆம்பியர். ரவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிஎல்-5சி எல்லா இடமும் இருக்கிறது, சின்ன ரேடியோக்களுக்கும் அதுதான் போடுகிறார்கள் என்பதால் இன்னும் விற்கிறது. ஒரு கடையில் அதையே தந்து இதுவும் சரிவரும் என்றார்கள். நீளம் அகலம் ஒன்றுபோல இருந்தாலும் 5சி கொஞ்சம் தடிப்பு, இந்த ஒல்லியான செட்டில் மூடி பூட்டாது. கடைசியில் ஒரு கொமினிகேஷன் கடையில் லாச்சிக்குள் இருந்து 4சி எடுத்துத் தந்தார்கள்.

மெமரி காட் விஷயத்தில் ஒருநாள் வீணாகியது. கையில் இருந்த 32 ஜிபி காட்டைப் போட்டேன், செட் கண்டுகொள்ளவில்லை. கணினியில் 2 ஜிபி அளவுக்கு மட்டும் பிரித்து போமட் பண்ணிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. இதில் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. 2 ஜிபிக்கு மேல் வந்த காட்கள் எஸ்டிஎச்சி என்ற வேறு வகை, அவற்றோடு பேசும் முறையே வேறு, பழைய செட்டுக்கு அந்தப் பேச்சு விளங்காது. எப்படிப் பிரித்தாலும் பயன் இல்லை. பழைய காட் தேடுகிறவர்கள் காட்டின் மேல் HC என்ற ஆங்கிலக் குறி இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு மச்சானின் உடைந்த பாட்டுப் பெட்டிக்குள் ஒரு 1 ஜிபி காட் கிடைத்தது.

அப்புறம் தீம். இது சுகமான வேலை, கீபேட் செட்டில் கைவைக்க நினைக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 6300 போன்ற நோக்கியா கீபேட் செட்களின் மென்பொருளுக்கு எஸ்40 என்று பெயர், அதன் தீம் என்பது .என்டிஎச் கோப்பு. அதன் பெயரின் கடைசியை .சிப் என்று மாற்றினால் சாதாரணமாகத் திறக்கும், உள்ளே படங்களும் எந்தப் படம் எங்கே என்று சொல்லும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும் இருக்கும். (சோனி எரிக்சன் தீமும் இப்படித்தான், .டிஎச்எம் என்பது உண்மையில் ஒரு டார் பொதி.) மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தை வாவிப் பக்கம் நின்று பின்னேரம் எடுத்த ஒரு படத்தை 240க்கு 320 ஆக வெட்டிப் போட்டேன். செட் தீமை ஏற்கவே இல்லை. அரை மணித்தியாலம் எக்ஸ்எம்எல்லைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் பிடிபட்டது: நான் கோப்புகளைத் தெரிவுசெய்து பொதியாக்காமல் அவை இருந்த போல்டரையே பொதியாக்கிவிட்டேன், செட் திறந்து பார்த்தால் மேல்மட்டத்தில் எக்ஸ்எம்எல் இல்லை, உள்ளே ஒரு போல்டர்தான் இருக்கிறது. சரி செய்தவுடன் பாலம் வந்தது. வாவித் தண்ணீர் வெளிர் நிறம், அதன் மேல் வெள்ளை எழுத்து, நேரமும் திகதியும் கண்ணுக்குத் தெரியவில்லை. படத்தின் மேல் கால்வாசியை இருட்டாக்கினபிறகு நன்றாக இருக்கிறது.

இனி உண்மையான வேலை.

இந்தச் செட்கள் ஓட்டுவது ஜாவாவின் சின்ன வடிவம். 6300 இல் அதன் இரண்டு பகுதிகள் எம்ஐடிபி 2.0, சிஎல்டிசி 1.1 என்ற பதிப்புகள். எழுதுவதற்குக் கைபேசி ஜாவாவுக்கான பழைய வயர்லெஸ் டூல்கிட் 2.5.2 ஐ எடுத்துப் போட்டேன், அதோடு ஜாவா நிரலைக் கட்டும் ஜேடிகே 8. புதிய ஜேடிகே சரிவராது, இந்தச் செட்டுக்கு வேண்டிய பழைய வகைக் கிளாஸ் கோப்பை 8 வரைதான் தரும், 9 இல் இருந்து அந்தப் பழைய இலக்குகளை எடுத்துவிட்டார்கள். இன்னொரு படியும் உண்டு, பிரிவெரிபை. பெரிய கணினியில் ஜாவா ஓடும்போது கோப்பு ஒழுங்கானதா என்று முழுதாகப் பரிசோதிக்கும், கைபேசிக்கு அந்தளவு நினைவகம் இல்லாததால் பாதிப் பரிசோதனையை நாங்கள் கணினியிலேயே முடித்து முத்திரை குத்தி அனுப்பவேண்டும். அதை விட்டால் செட் தூக்கி எறிந்துவிடும்.

முதல் பரீட்சை ஒரே ஒரு வரி: திரையில் மட்டக்களப்பு என்று எழுதுவது. கணினியில் கைபேசிபோல நடிக்கும் எமுலேட்டரில் வந்தது. அன்ட்ரொயிட் போனில் பழைய ஜாவா விளையாட்டுகளை ஓட்டும் ஜே2எம்இ லோடர் போட்டுப் பார்த்தேன், அதிலும் அழகாக வந்தது. சந்தோஷத்தோடு 6300 க்கு அனுப்பினேன். வரிசையாகப் பன்னிரண்டு வெறும் கட்டம்.

யோசித்துப் பார்த்தால் காரணம் நேரடியானது. எமுலேட்டர் விண்டோசின் எழுத்துருவைக் கடன் வாங்குகிறது, லோடர் அன்ட்ரொயிடின் எழுத்துருவைக் கடன் வாங்குகிறது. செட்டில் கடன் வாங்க ஒன்றும் இல்லை. ஆனால் கட்டம் பன்னிரண்டு வந்ததே, அதைக் கவனியுங்கள். மட்டக்களப்பு என்பதில் எங்கள் கணக்குக்கு எட்டு எழுத்து. புள்ளிகளையும் கடைசி உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணினால் பன்னிரண்டு. அப்படியென்றால் செட்டுக்குள் ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜாவாவின் உள்ளே தமிழ் முழுசாக இருக்கிறது, திரைக்கு வரும் வாசலில்தான் அதற்கு உருவம் இல்லை. அந்த உருவத்தை நான் வரைந்து கொடுத்தால் போதும்.

எத்தனை வரையவேண்டும்? 247 எழுத்தையும் வரையத் தேவையில்லை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கும் எழுத்தோடு ஒட்டாமல் பக்கத்தில் நிற்கிறவை, ஒருதரம் வரைந்தால் எல்லா எழுத்துக்கும் பாவிக்கலாம். கொ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் மூன்றையும் அடுத்தடுத்து வைப்பது. ஆனால் இகர ஈகாரம் எழுத்தோடு ஒட்டுகிறது, உகர ஊகாரம் அதைவிட மோசம், கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து இன்னொரு மாதிரி. அந்த நான்கு வரிசையும் தனித்தனியாக வரைந்தே ஆகவேண்டும். ஔவுக்கு ஒவும் ளவும் போதும். கணக்குப் போட்டேன்: உயிரில் 11, ஆய்தம் 1, அகர வரிசை 18, மெய் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, தனிக்குறி 4. மொத்தம் 124. குறுக்கே பதினாறு, நெடுக்கே எட்டு என்று ஒரு படத்தில் 128 கட்டம் போட்டால் நான்கு மிச்சம், அதில் ஜ, ஷ, ஸ, ஹ. அவைக்குப் புள்ளி வந்தால் மேலே தனியாக வைக்கிறேன்.

ஒவ்வொரு கட்டமும் 24 திரைப்புள்ளி (பிக்சல்) அகலம், 20 புள்ளி உயரம். இரவில் சாப்பிட்டபிறகு ஒரு மணித்தியாலம், நாளைக்கு ஏழெட்டு எழுத்து. வேகமாகப் போகலாம் என்றுதான் நினைத்தேன், ண வந்து நிறுத்தியது. மூன்று சுழி. ஒரு சுழி சுழியாகத் தெரிய ஆகக் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளி வேண்டும், நடுவில் ஒன்று வெறுமையாக. சுழிகளுக்கு இடையில் ஒரு புள்ளி இடைவெளி விடாவிட்டால் மூன்றும் ஒரு கறுப்புக் கட்டியாகி ன போலவும் தெரியாது ண போலவும் தெரியாது. முதலில் 12 புள்ளி அகலத்தில் போட்டதை அழித்து 18 ஆக்கினேன். அதன் பிறகு ணு, ணூ. ணூவுக்கு 24 உம் சரியாகத்தான் காணும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று விட்டால் ர வுக்கும் ட வுக்கும் பக்கத்தில் பள்ளம் விழுகிறது, அதனால் எழுத்துக்கு எழுத்து அகலம் எழுதிய ஒரு பட்டியலும் நிரலுக்குள் வைத்தேன். எங்கள் எழுத்தை இத்தனை வருஷம் எழுதியும் வாசித்தும் இருக்கிறேன், றவின் வால் எந்த இடத்தில் கீழே இறங்கத் தொடங்குகிறது என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

நிரல் பெரிதில்லை. குறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும், மெய்க்குப் பின்னால் கொம்பு வந்தால் கொம்பை முதலில் வைக்கும், ஒகர ஓகாரம் வந்தால் இரண்டாகப் பிரிக்கும், பெரிய படத்தில் இருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டித் திரையில் வைக்கும். படத்தில் ஒரு துண்டை எடுத்து வைக்கும் கட்டளை எம்ஐடிபி 2.0 இலேயே இருக்கிறது. மே கடைசியில் ஒரு இரவு, மட்டக்களப்பு என்று எட்டு எழுத்து அந்தத் திரையில் வந்தது. கரண்ட் இல்லாத நேரம், வீட்டில் வெளிச்சம் அந்தச் செட் மட்டும்தான்.

விளையாட்டு அதற்குப் பிறகு சுகமாக வந்தது. வாவியில் ஒரு தோணி, எதிரில் வலை கட்டிய கம்புகள், அவற்றில் முட்டாமல் இறாலும் நண்டும் பிடிக்கவேண்டும், பிடித்ததின் பெயர் கீழே தமிழில் வரும். இடது வலது விசைகள் நோக்கியாவில் -3, -4 என்ற எண்ணாகப் போகின்றன, 4 உம் 6 உம் கூட வேலை செய்யும்படி விட்டேன், பழைய ஆட்களின் பெருவிரல் அங்கேதான் போகும். முதலில் வாவிக்கு முழுப் படம் வைத்திருந்தேன், செட் ஒவ்வொரு தடவையும் அதை வரைய மூச்சுவாங்கியது. படத்தை எடுத்துவிட்டு வெறும் நிறமும் நாலைந்து அலைக் கோடும் போட்டதும் தோணி வழுக்கிக்கொண்டு போகிறது. 3310 இல் பாம்பு ஓடின திரை 84க்கு 48 புள்ளிதான், எனக்கு அதைப்போல பத்தொன்பது மடங்கு இடம் இருக்கிறது.

ஒரு சின்ன ஆசைக்கு, வாவியில் மீன் பாடுவதாகச் சொல்வார்களே, அந்த மீன் பாட்டும் சேர்த்தேன். முழுநிலா இரவில் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் அல்லவா, அந்தச் சத்தம். சுரத்தின் எண், நீளம், சத்த அளவு மூன்றையும் கொடுத்தால் செட் ஒரு சுரம் போடும், இரண்டு தாழ்ந்த சுரத்தை மாறி மாறி விட்டேன்.

செட்டுக்கு அனுப்புகிற இடத்தில் ஒரு சிக்கல். நோக்கியாவின் பீசி சூட் என்ற கணினி மென்பொருள் வழியாக .ஜேட் கோப்போடு போட்டபோது பிழையான கோப்பு என்று நின்றது, முந்தினநாள் ஓடிய அதே நிரல். .ஜேட் என்பது சின்ன எழுத்துக் கோப்பு, அதில் .ஜார், அதாவது விளையாட்டு முழுதும் அடங்கிய பொதி, எத்தனை பைட் என்று ஒரு வரி இருக்கும். நான் ஒரு எழுத்தின் படத்தைத் திருத்தி .ஜாரை மட்டும் திரும்பக் கட்டியிருந்தேன், சில பைட் கூடிவிட்டது, .ஜேட்டில் பழைய கணக்கு. ஒரு பைட் பிசகினாலும் செட் ஏற்காது. இப்போது எல்லாமாக 41 கிலோபைட். முதல் தலைமுறைக் கலர் நோக்கியாக்களில் ஒரு விளையாட்டுக்கு 64 கிலோபைட்தான் வரம்பு, அதற்குள்ளும் அடங்கும் அளவு. ஆனால் அவற்றில் எம்ஐடிபி 1.0 என்பதால் துண்டு வெட்டும் பகுதியை வேறு மாதிரி எழுதவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். செட்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தார், "இறால்... நண்டு... இதில தமிழ் இருந்ததில்லையே." நான் வரைந்தது என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் விளையாடினார், 4 உம் 6 உம்தான் பாவித்தார். அப்புறம் கேட்டார், "இறால் இருக்கு, நண்டு இருக்கு, மறுகா கெளுத்தி எங்க மருமகன்?"

ஒற்றைக்கொம்பு, க, ளு, த், தி. எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். மடிகணினியைத் திறந்து மீன் பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன், .ஜாரைக் கட்டினேன், .ஜேட்டில் பைட் கணக்கை மாற்றினேன், மாமா தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் செட்டுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.