ஓட்டம் குறைந்த வண்டி என்று நம்பியதால் நான் பட்ட பாடு

பெரியப்பா 12 ஆண்டுகள் வைத்திருந்த எஸ்யூவியை, ஓட்டுநர் உரிமம் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த என் மகளுக்காக வாங்கிக்கொண்டபோது, ஓடோமீட்டர் 48,000 கிலோமீட்டர் மட்டுமே காட்டியது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அடுத்த ஆறு வார இறுதிகளை விழுங்கியது. பட்டறையில் எதைக் கேட்டாலும் மெக்கானிக் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானே சார் ஓடியிருக்கு” என்றே பதில் சொன்னார். நிறுத்தியே வைத்திருந்தாலும் டயரும் பெல்ட்டும் பிரேக் எண்ணெயும் கெடும் என்பதை நானும் அப்போது யோசிக்கவில்லை.

வண்டியில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி அமைப்பு இருந்ததால்தான் இந்த வேலையில் இறங்கினேன். எஸ்யூவியின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால், பதற்றத்தில் ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பினால் அது கவிழும் வாய்ப்பு சாதாரணக் காரைவிட அதிகம். ஈஎஸ்சி இல்லாத பழைய வண்டியில் அதைப் பின்னால் வாங்கிப் பொருத்திக்கொள்ள முடியாது என்பதால், அத்தகைய வண்டியைப் புதிதாக ஓட்டுபவரிடம் கொடுக்கவே வேண்டாம் என்பேன். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஈஎஸ்சி, ஏர்பேக் விளக்குகள் எரிந்து சில நொடிகளில் அணைகின்றனவா என்று பாருங்கள். ஒரு விளக்கு எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

டயர்களில் அளவுகோலை வைத்துப் பார்த்த மெக்கானிக், பள்ளம் 6 மில்லிமீட்டர் இருக்கிறது, இன்னும் பல ஆண்டுகள் வரும் என்றார். தயாரிப்புத் தேதியை அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் அது வெளியே தெரியவில்லை. டயரின் முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. என் வண்டியில் அந்தப் பக்கம் உட்புறமாக அமைந்துவிட்டது. டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துடைத்துப் பார்த்தபோது, குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 3512 என்றிருந்தன. அதாவது 2012ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பள்ளங்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்களே சொல்வதால், ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றினேன். புதிய டயர்களுக்குக் கடைக்காரர் டயரின் பக்கச்சுவரில் இருந்த அளவுக்கே காற்றடித்து அனுப்பினார். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. வண்டிக்குரிய அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட் குழாய்கள் ஆகியவற்றைச் சிக்கலின்றி மாற்றினார்கள். பிரேக் எண்ணெய் கருத்துப்போயிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, தெரிந்தவரை, யாரும் ஒருமுறைகூட மாற்றியிருக்கவில்லை.

என் பொறுமையைச் சோதித்தது ஏர்பேக்தான். இந்த மாடலுக்கு ஏர்பேக் ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்றத் தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) உண்டு என்று கேள்விப்பட்டு சர்வீஸ் மையத்துக்குப் போனபோது, கவுன்ட்டரில் இருந்தவர் சேஸிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்து, அப்படியொரு வண்டியே தங்கள் பதிவில் இல்லை என்றார். பழைய உரிமையாளரின் கடிதம் வேண்டும் என்றார்; மறுவாரம் அதை வாங்கிக்கொண்டு போனால் அப்போதும் அதே பதில்தான். வீட்டில் மகள் அந்த 17 எழுத்து எண்ணைப் பற்றிப் படித்துவிட்டு, அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்றோடும் சுழியோடும் குழம்பக் கூடாது என்பதற்காகவே விலக்கிவிட்டார்கள் என்றாள். எங்கள் ஆவண நகலில் ஒன்பதாவது இடத்தில் ‘ஓ’ என்று அச்சாகியிருந்தது. முன்கண்ணாடியின் கீழ்மூலையில் தெரிந்த தகட்டிலோ சுழி இருந்தது. மூன்றாம் முறை தகட்டைப் படமெடுத்துக்கொண்டு போனேன். சுழியை இட்டதும் திரையில் வண்டியின் விவரமும், நிலுவையிலிருந்த ரீகாலும் சேர்ந்தே வந்தன. வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் ஏர்பேக்கை விரியச் செய்யும் வெடிமருந்து கெட்டு, விரியும் வேளையில் அதன் உலோக உறையே சிதறக்கூடும் என்பதற்கான ரீகால் அது. அறிவிப்புக் கடிதங்கள் பெரியப்பாவின் பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள். மன்னிப்பை மட்டும் காணோம்.

ஒரு தவறு என்னுடையது. புதிய டயர் போட்ட கையோடு, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டும் செய்துவிட்டேன். பத்து நாள் கழித்து முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டியபோது லொடக் என்றது. ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனைமூட்டான டை ராட் எண்ட் தேய்ந்திருந்தது. அதை மாற்றியதால் அலைன்மென்ட்டை மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. ஆட்டம் பார்ப்பதை முதலிலும் அலைன்மென்ட்டைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணி, மகளுக்கு ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால், சக்கர நட்டு ஒன்றுகூட அசையவில்லை. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தார்கள். அவள் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் பயனில்லை. திரும்பவும் கடைக்குப் போய், எல்லாவற்றையும் தளர்த்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். மறுநாள் அவளே தனியாகச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, மீண்டும் பழையபடி மாற்றினாள். நாற்பது நிமிடங்கள் ஆயின. ஜாக்கை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் கையேட்டைப் புரட்டினாள்.