எண்ணெய் குறைத்த மீன் சான்ட்விச்

எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு என்றால் மீன் சான்ட்விச்தான். அச்சுப்பாண் துண்டுகளில் மாஜரினைத் தடிப்பாகப் பூசி, வெங்காயத்துடன் எண்ணெயில் வதக்கிய ரின்மீனை நடுவில் வைத்து, தாச்சியில் மறுபடியும் மாஜரின் விட்டு அம்மா பொன்னிறமாக வாட்டித் தருவார். அப்பாவுக்கு இப்போது கொலஸ்ட்ரோல் இருக்கிறது. ஆனாலும் அவர் இன்றும் ஆசையாகக் கேட்பது அதைத்தான் என்பதால், சுவையை விட்டுக்கொடுக்காமல் கொழுப்பை மட்டும் குறைத்துச் செய்யத் தொடங்கினேன்.

வழக்கமான மாஜரினில் ஏறத்தாழ 80 வீதம் கொழுப்பு. எருமைத் தயிரிலோ 7 அல்லது 8 வீதம்தான். கிண்ணியாப் பக்கத்திலிருந்து சட்டியில் வரும் கட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால், நீர் வடிந்து, கத்தியால் பூசும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது கொழுப்புச் சற்றுச் செறிந்தாலும் மாஜரினை நெருங்காது. அதில் மிளகுத்தூளும் சில துளி தேசிக்காய்ப் புளியும் கலந்து, மெல்லியதாகப் பூசினாலே போதும்.

ரின்மீனுக்குப் பதிலாக, காலையில் சந்தையில் வாங்கிய சூரையை மஞ்சளும் கொறுக்காய்ப் புளியும் இட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைகிறேன். தவிட்டுப் பாணில் வைத்து, எண்ணெயில்லாத தோசைக்கல்லில் சிறு தட்டால் அழுத்தி வாட்டும்போது, ஓரம் மொறுமொறுவென்று சிவந்து, அந்தப் பழைய வாசனை அப்படியே எழுகிறது. அப்பாவும் மனநிறைவோடு சாப்பிடுகிறார். ரின்மீன்தான் வேண்டுமென்பவர்கள் அதன் நீரை நன்றாக வடித்துவிடுங்கள். உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்.