ஞாயிற்றுக்கிழமை எரியும் விளக்கு

"தம்பி, லைட்டை மட்டும் அணைச்சுக் குடுத்தீங்கன்னா போதுங்க." கோவையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஆசிரியர் ஒருவர் காரை நிறுத்தியதுமே இதைத்தான் சொன்னார். மோதலில் விரிந்து ஆளைக் காக்கும் பைதான் ஏர்பேக். அதில் கோளாறு என்று சொல்லும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேறு ஓர் இடத்தில், மோதலை உணரும் முன்பக்க இடது சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப வந்துவிட்டது. அடுத்து, பையை விரியச் சொல்லும் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவரோ மீட்டர் போர்டில் அந்த விளக்கையே எரியவிடாமல் செய்து தருகிறேன் என்றாராம்.

அந்தக் கடைசி யோசனையைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பழைய கார் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். விளக்கு எரிந்தபடியே இருந்தாலும் தப்பு, ஒருமுறைகூட எரியாவிட்டாலும் தப்பு. 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். பை எல்லாப் புதுக் காரிலும் வந்துவிட்டது. மோதும் நேரத்தில் அது விரியுமா என்பதை மெல்லிய மஞ்சள் வயர்கள்தான் முடிவு செய்கின்றன.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். இடது முன் சென்சார் சர்க்யூட் என்று கோட், அதாவது கோளாறுக் குறியீடு, வந்தது. 'சர்க்யூட்' என்ற சொல்லை அவசரத்தில் விட்டுவிட்டு 'சென்சார்' என்று மட்டும் படித்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் படித்தேன். கோட் எந்தப் பாதையில் கோளாறு என்றுதான் சொல்லும், பாதையில் எந்த இடம் என்று சொல்லாது. சென்சார், அதன் கனெக்டர், பம்பருக்குப் பின்னாலிருந்து டேஷ்போர்டு வழியாகக் கியருக்கு அருகே இருக்கும் யூனிட் வரை போகும் வயர், யூனிட்டின் கனெக்டர் என எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

புது சென்சார்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சரி, முதலில் அவரிடமே கேட்போம் என்று விளக்கு எப்போது வரும் என்று விசாரித்தேன். கொஞ்சம் யோசித்தார். "பெரும்பாலும் ஞாயித்துக்கிழமைங்க. செவ்வாய், புதன் ஆச்சுன்னா தானா போயிரும்." ஞாயிறன்று என்ன செய்வீர்கள் என்றேன். வீட்டு வாசலில் ஹோஸ் பைப் போட்டு வண்டி கழுவுவாராம்.

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். யூனிட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சக்தி தங்கியிருக்கும். மோதலில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. எவ்வளவு நேரம் என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் ஒன்றரை நிமிடம், சிலவற்றில் அதற்கும் மேல். நான் கையேட்டில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாகவே காத்திருப்பேன். கூட இருந்த பையன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, "அண்ணே, ஸ்டீரிங் பையையும் ஒருதடவை பார்த்துரலாமா?" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். மீட்டர் மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும்போது தானே சிறு மின்சாரத்தை அனுப்பும். பையை வெடிக்க வைக்கும் பற்றவைப்பானுக்கு மின்தடை ஏறத்தாழ 2 ஓம்தான். அதன்மேல் மீட்டர் வைக்கவே கூடாது. பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதே மின்தடை உள்ள 2 ஓம் ரெசிஸ்டரைப் போட்டுச் சோதிப்பதுதான் முறை. பை இல்லாத காரில் அதே ரெசிஸ்டரைப் போட்டு விளக்கை ஏமாற்றி விற்பவர்களும் உண்டு. அதனால் எங்கள் பட்டறையில் அதற்குச் சிவப்பு நாடா கட்டி, எண்ணி வாங்கி எண்ணித் திரும்ப வைப்போம்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன். பைக்குப் போகும் மஞ்சள் கனெக்டர்களைப் பிரித்ததும் உள்ளே ஒரு சிறு தகடு இரண்டு முனைகளையும் தானாகவே சேர்த்துவிடும். பை தவறி வெடிக்காமல் இருக்க அது வேண்டும். அது தெரியாமல் அளந்தால் நல்ல வயரே ஷார்ட் என்று காட்டும். அந்தக் கணக்கை நம்பி டேஷ்போர்டு முழுக்கப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்சார் வயரை இரண்டு முனையிலும் கழற்றி அளந்தோம். ஒரு குறையும் இல்லை. ஒருவர் மீட்டரைப் பார்க்க, ஒருவர் வயரை அங்குலம் அங்குலமாக ஆட்டினோம். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டர் ஓரத்தில் வந்தபோது எண் துள்ளியது. ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்தோம். வயரிலிருந்து எர்த்துக்கு, அதாவது காரின் உடலுக்கு, மின்சாரம் கசிய வழி திறந்துவிட்டது.

டேப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு ஜாயின்ட். எப்போதோ முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்தபோது அறுந்த வயரை வெறுமனே முறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த இரண்டு வயரும் ஒன்றோடொன்று பின்னி வர வேண்டியவை. வேறு மின் இரைச்சல் சென்சாரின் செய்தியைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்தப் பின்னல். அரையடி நீளத்துக்கு அதையும் பிரித்து விட்டிருந்தார்கள்.

வெட்டிப் பற்றவைத்துத் தரலாமே என்று ஆசிரியர் கேட்டார். அந்தக் காரின் கையேடு ஏர்பேக் வயரில் ஒட்டு வேலைக்கு இடமே கொடுக்கவில்லை. முன்பக்க வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டும். செலவு சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் களிம்பேறிய துண்டை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். "இத்தனை நாள் பேரனை முன்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேனுங்க" என்றார். குழந்தைக்கு எப்போதுமே பின் சீட்தான் என்று அதையும் சொல்லி வைத்தேன்.

வயரிங் வர நான்கு நாள் ஆனது. மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் குறியீட்டை அழித்து, ஜாயின்ட் இருந்த அதே இடத்தில் மூன்று முறை தண்ணீர் அடித்துப் பார்த்தோம். சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொடுத்தேன். "நாளைக்கு நல்லா கழுவுங்க, கழுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றேன்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் வந்தது. சாவியைத் திருப்பிவிட்டு, போனில் எனக்குக் கேட்கும்படி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். ஆறில் நிறுத்தினார். "அணைஞ்சிருச்சுங்க தம்பி."