லாமா இறக்குமதி: ஃபைல் திறக்கவே இவ்வளவு அலைச்சல்

நுவரெலியாப் பக்கம் இருக்கும் மாமாவின் ஆட்டுப் பட்டிக்குள் இரவில் நாய்கள் புகுந்து கடித்துக் குதறுகின்றன. வெளிநாட்டுப் பண்ணைகளில் ஆடுகளுக்குக் காவலாக, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க மிருகமான லாமாவை விடுகிறார்களே, ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று வெள்ளவத்தையில் இருக்கிற நான்தான் கந்தோர் வேலையைப் பொறுப்பெடுத்தேன். ஒருவழியாக ஃபைல் திறந்தாகிவிட்டது. ஆனால் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

உயிருள்ள கால்நடையை நாட்டுக்குள் கொண்டுவர முதலில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். இது தெரிந்துதான் போனேன். சிக்கல் ஆரம்பித்தது கொழும்பில் நான் விசாரிக்கப் போன வேறொரு கந்தோரின் கவுண்டரில். படிவத்தில் மாடு, ஆடு, பன்றி, கோழி எல்லாம் இருந்தன. லாமா இல்லை. “இது சூவில வைக்கிற மிருகம், வனவிலங்குக்காரரிட்ட போங்க” என்று படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார் அந்த லிகிதர். தமிழ்ப் படிவம் கேட்டதற்கு “முடிஞ்சுது” என்று ஒரே சொல்.

வனவிலங்குப் பக்கம் போனால், வளர்ப்பு மிருகத்துக்கு நாங்கள் எப்படி அனுமதி தருவது என்கிறார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆண்டிஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பொதி சுமக்கவும் இறைச்சிக்கும் கம்பளிக்கும் வளர்த்துவருகிற பிராணி அது. திரும்பி வந்தால் கவுண்டரில் அதே பாட்டு. ஒரு முழுநாள் லீவு வீணாய்ப் போனது.

அடுத்த தடவை கையில் ஆதாரத்தோடு போனேன். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் லாமாவின் உறவான காட்டு இனங்கள் குவனாக்கோவும் விக்குன்யாவும் இருக்கின்றன. வளர்ப்பு இனங்களான லாமாவும் அல்பாக்காவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, “இது எமது அனுமதி தேவைப்படும் காட்டு விலங்கு அல்ல” என்று வனவிலங்கு அதிகாரியிடம் என் கடிதத்தின் அடியிலேயே இரண்டு வரி எழுதி வாங்கினேன். நல்ல மனுசன், கேட்டதும் நீல முத்திரையையும் குத்தித் தந்தார். அதை நீட்டியதும் லிகிதர் ஒன்றும் பேசவில்லை. பேனையை எடுத்து ‘வேறு’ என்ற கட்டத்துக்குள் ‘லாமா – ஒட்டகக் குடும்பம்’ என்று எழுதினார். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.

யாராவது இந்த வழியில் போவதாக இருந்தால், வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள். உங்கள் கொப்பியிலும் திகதி முத்திரை கேளுங்கள். அனுமதிக்கு முன்பே முற்பணம் கேட்கிற முகவரை நம்பவே வேண்டாம். “மிருகம் ரெடி, காசு போடுங்க” என்று எனக்கும் ஓயாமல் கோல் வந்தது.

அதற்குப் பிறகு பேசிய கால்நடை வைத்தியர் அருமையான மனிதர். முதலில் இடத்தைத்தான் கேட்டார். ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பத வீதத்தையும் கூட்டினால் 150ஐத் தாண்டும்போது லாமாவை நிழலிலும் காற்றிலும் வைத்துக் கவனிக்க வேண்டுமாம், 180 என்றால் உயிருக்கே ஆபத்தாம். கொழும்பில் பகல் 88, ஈரப்பதம் 75 என்றாலே 163. நல்லவேளை, மாமாவின் இடம் 1,800 மீற்றருக்கு மேல். காவலுக்கு என்றால் நலமடித்த கடுவன் ஒன்று போதும், இரண்டை விட்டால் அவை தங்களுக்குள்ளேயே கூடிக்கொண்டு ஆடுகளைக் கவனிக்காது என்றார். ஆட்டுக்கு வைக்கிற தாது உப்பில் செம்பு அதிகம், அதை லாமாவுக்குக் கொடுக்கவே கூடாது. நாய்களைத் துரத்தும், சிறுத்தை வந்தால் அதுவே இரையாகிவிடும், ஆகவே இரவுக் கொட்டில் கட்டாயம் என்பதையும் மாமாவிடம் சொல்லச் சொன்னார்.

ஏற்றுமதி செய்யும் நாட்டில் எந்தெந்த நோய்க்குப் பரிசோதனை செய்து சான்றிதழ் தரவேண்டும் என்ற நிபந்தனைகள் இனித்தான் எழுத்தில் வரவேண்டும். அதுவரை முகவருக்கு ஒரு சதமும் கொடுப்பதாக இல்லை.