பெயர் போடாத மொய்

தேயிலைத் தோட்டத்தில் எழுத்தர் வேலை என்றால், ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்க்கிற உத்தியோகம் என்று கீழ்நாட்டில் நினைக்கிறார்கள். 1979இல் அன்னூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கம்பளியுமாகக் கொத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை செக்ரோல் பேரேட்டை என் முன்னால் வைத்தார்கள். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு. அடுத்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது பனிமூட்டமல்ல, அந்தக் கட்டங்கள்தான்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையை லைன் என்போம். கீழ் லைனில் பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1948இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். குன்னூர் ஏலத்தில் ஒரு லாட்டுத் தேயிலையை விற்பதற்குக்கூட மாதிரி எடுத்துச் சுவைத்துப் பார்ப்பார்கள். இந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலை நடத் தொடங்கி, அது பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் எங்களைப் போன்ற தனியார் தோட்டங்களில் தற்காலிகத் தொழிலாளர்களாக ஒண்டிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களைச் 'சிலோன்காரர்கள்' என்றார்கள். அங்கே அவர்களை 'இந்தியாக்காரர்கள்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண் 1983 தொடக்கத்தில் வந்தாள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம், மண்டபம் முகாமில் சில வாரம், பிறகு இந்த மலை. அடுத்த ஆண்டே அந்தக் கப்பல் நின்றுவிட்டது. அவளுக்கு வயது பத்தொன்பது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கணவன் கவாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான்.

அவளை நான் முதலில் கவனித்தது ஒரு சம்பள நாளில். தொழிலாளர்களுக்கு ஏழாம் தேதி சம்பளம். பெரும்பாலோர் கட்டைவிரலை உருட்டிவிட்டுப் பணத்தை எண்ணுவார்கள். இவள் சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"கிளாக்கர் ஐயா, பதினாலாம் தேதி எனக்குப் பேர் விழவில்லை."

பேர் என்று அவர்கள் சொல்வது ஒரு நாள் வேலையை. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் கூலி. காலையில் ஆள் கூட்டிப் பேர் பதிவதை நாங்கள் மஸ்டர் என்போம், அவர்கள் பிரட்டு என்பார்கள். பேக்டரியை இஸ்டோர் என்பார்கள். ஏட்டைப் புரட்டினேன். தவறு என்னுடையதுதான், ஒரு கட்டம் தள்ளிப் போட்டிருந்தேன். திருத்திக்கொடுத்துவிட்டு, எதுவரை படித்தாய் என்று கேட்டேன். இலங்கையில் அட்டன் பக்கம் தோட்டப் பள்ளியில் எட்டாவது வரை என்றாள். மேலே படிக்க ஆசையா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபின், பத்தாவது தேறிய பெண்களுக்குப் பால்வாடியில் வேலை கிடைக்கிறது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். கொத்தகிரியில் ஒரு டுடோரியலில் தனித்தேர்வர்களுக்கு வாரம் மூன்று நாள் காலையில் வகுப்பு நடந்தது. விசாரித்து வைத்திருந்தாள். பஸ் கட்டணம் உட்பட.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு பெண்ணைப் படிக்கவைத்துவிடுவது என்று அன்றிரவே முடிவுசெய்துவிட்டேன். டுடோரியல் கட்டணமும் புத்தகமும்தானே, தோட்டத்தில் நூற்றுச் சொச்சம் பேர், ஆளுக்கு நாலணா போட்டால் ஆயிற்று. அடுத்த சம்பள நாளில் ஒரு காலி பிஸ்கட் டின்னில் துளை போட்டு, காகிதம் ஒட்டி, பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். காசு விழுந்தது. எல்லோருமே போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரிசையின் முடிவில் வந்த ஒரு மூதாட்டி சில்லறையைப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"ஐயா, இது என்ன பிடித்தம்?"

சம்பள மேசையில், கிளார்க்கின் கைக்குப் பக்கத்தில் இருக்கிற டின்னில் காசு போடாமல் போகிற துணிவு யாருக்கு வரும்? ரேஷன் பிடித்தம், கம்பளிப் பிடித்தம், முன்பணப் பிடித்தம் என்ற வரிசையில் அவருக்கு இதுவும் ஒன்று. அன்று மாலை டின்னை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய், போட்டவர்களிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எனக்கே தெரியாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் கணக்கில்லாமல் வாங்கியிருந்தேன்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மொய் நோட்டுப் போடுங்கள் ஐயா" என்றாள். "பேரும் தொகையும் எழுதுங்கள். எழுதாத காசு எனக்கு வேண்டாம்."

எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அவளே கொண்டுவந்து கொடுத்தாள். வெளிப்படையாகக் கணக்கு இருக்கட்டும் என்று நினைக்கிறாள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது வேறு. மொய் தருமம் இல்லை. இன்று உன் வீட்டுக் கல்யாணத்தில் நான் எழுதுவது, நாளை என் வீட்டுக் காதுகுத்தில் நீ எழுதவேண்டியது. வாங்கியவர் தலை குனிவதில்லை, கொடுத்தவர் நிமிர்வதும் இல்லை. லைனில் இது எல்லோருக்கும் உடனே புரிந்தது. புரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

அதனால்தான் என் பங்கை எழுதும்போது அந்தத் தவறைச் செய்தேன். எங்களுக்கு மாதக் கடைசி நாளில் சம்பளம். மாதம் பத்து ரூபாய் போடுவது என்று வைத்துக்கொண்டேன். கொடுப்பது வெளியே தெரியக்கூடாது என்று வளர்ந்தவன். பெயர் இடத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருந்தன்மையாகக்கூட உணர்ந்தேன்.

பணம் திரட்டத் தொடங்கிய பிறகுதான் எதற்குப் பணம் என்பதே எனக்குத் தெரியவந்தது. டுடோரியல் கட்டணம் சிறிய செலவு. பெரிய செலவு பேர் விழாத நாள்கள். காலை வகுப்புக்குப் போனால் மஸ்டருக்கு வரமுடியாது, மஸ்டருக்கு வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. வாரம் மூன்று, மாதம் பன்னிரண்டு. "படிப்புக்குக் காசு என்றால் சரி, வேலைக்கு வராததற்கும் நாங்கள் கூலி கொடுப்பதா?" என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏடு இருந்தது. போன மாதம் அவள் குடும்பத்துக்கு வந்ததையும் போனதையும் அவருக்கு முன்னால் எழுதிக் கூட்டிக் காட்டினேன். பன்னிரண்டு நாளை அடித்துவிட்டு மறுபடி கூட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்து, அவளைக் காலை பத்தரைக்குமேல் அரைப் பேருக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அது விதியில் இல்லை. மேலே இருந்தவர்களிடம் நாங்கள் இருவரும் கேட்கவும் இல்லை.

அடுத்தது குழந்தை. ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்கவேண்டும் என்றது அப்போதிருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். எங்களிடமும் இருந்தது, நல்ல காப்பகம்தான். ஆனால் அன்று மஸ்டரில் பெயர் இருக்கிற தாயின் பிள்ளைக்கு மட்டும் என்று கதவில் எழுதாத விதி ஒன்று இருந்தது. கொழுந்து பறித்தால் பிள்ளைக்குப் பால் உண்டு, பாடம் படித்தால் கிடையாது. கடைசியில், பிடித்தம் என்று கேட்டாரே, அந்த மூதாட்டிதான் பிள்ளையை வைத்துக்கொண்டார். காசு வேண்டாம் என்றார். நோட்டில் வாராவாரம் ஒரு வரி விழும்: 'ஆயாவுக்கு வெற்றிலை, புகையிலை.' இத்தனை காலம் கழித்துப் பார்த்தால், அந்த நோட்டிலேயே மிகப் பெரிய மொய் அந்த ஆயாவுடையதுதான். அதற்குத் தொகை போட முடியவில்லை.

வெளியிலிருந்து வந்ததும் உண்டு. பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, எங்கள் பேக்டரிக்கு இலை கொண்டுவந்து போடும் படுகர் ஒருவர், எடைக்கொட்டகையில் விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். ஈர இலைக்கு எடையில் கழிப்பது வழக்கம். அதில் விவசாயிகளுக்கும் பேக்டரிக்கும் தினமும் சண்டை. அவர் என்னிடம் வந்து, "மழைத் தண்ணீருக்கு எவ்வளவோ கழிக்கிறீர்கள். வாரத்துக்கு நாலு கிலோ அந்தப் பெண் பேரில் கழித்து எழுதுங்கள்" என்று சிரித்தார். எழுதினேன். என் வாழ்நாளில் நான் மனமறிந்து போட்ட ஒரே கழிவு அது.

மலையில் பணத்துக்கும் பருவம் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரையும் மறுபடி செப்டம்பருக்குமேலும் கொழுந்து குவியும். கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு வரும், கையும் தாராளமாக இருக்கும். டிசம்பரில் உறைபனி இறங்கினால் செடி கருகிவிடும். தற்காலிகக்காரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதே பாடு. அவளுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைப்பதும், கையில் ஒன்றும் இல்லாமல் போவதும் அதே மாதங்களில்தான். இதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு பனிக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அதன்பிறகு கொழுந்துக் காலத்தில் வசூல், பனிக்காலத்தில் செலவு என்று மாற்றிக்கொண்டோம்.

ஓராண்டில் முடியும் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். எட்டாவது தேறியதற்கான தாள் அவளிடம் இல்லை, கப்பலேறும் அவசரத்தில் எங்கோ போய்விட்டது. தாள் இல்லையென்றால் ஈ.எஸ்.எல்.சி. என்கிற எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறிவிட்டுத்தான் பத்தாவது. ஆக, அது இரண்டு ஆண்டாயிற்று. பாடமும் புதுப்பாடம். இலங்கை ஆறுகளான மகாவலியும் களனியும் அவளுக்கு மனப்பாடம், இங்கே காவிரியின் கிளையாறுகளைக் கேட்டார்கள். இரண்டாம் ஆண்டில் நோட்டில் பெயர்கள் குறைந்தன. இரண்டு கல்யாணமும் ஒரு சாவும் வந்த மாதத்தில் நாலே வரி. ஒரு வீட்டில், "இன்னுமா படிக்கிறாள்?" என்று கேட்டார்கள். சலிப்பு எனக்கும் வந்தது, மறைப்பானேன். சேரன் பஸ்ஸில் அவள் திரும்பி வரும்போது மடியில் புத்தகம் விரித்திருப்பதை யாராவது வந்து சொன்னால் அது கொஞ்சம் தணியும்.

பத்தாவதில் கணக்குப் பாடம் மட்டும் முதல் தடவை போய்விட்டது. அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினாள். உறவினர்கள் கூடலூர்ப் பக்கம் இருந்தார்கள், குடும்பம் அங்கே போயிற்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து சில வருடம் காத்திருந்தபின் பால்வாடி வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. போகும்போது நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த 'ஒருவர்' யார் ஐயா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

பிறகு மணியார்டர்கள் வரத் தொடங்கின. லைனில் யார் வீட்டில் சடங்கு, காதுகுத்து, கல்யாணம் என்றாலும் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிடும். எழுதிய தொகையும் மேலே ஒரு ரூபாயும். மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு வந்தது. ஹட்டிக்காரர் பேரன் பெயர்சூட்டுக்கு, நாலு கிலோக் கணக்கை எந்த விலையில் போட்டாளோ, அதுவும் வந்தது. ஆயா இறந்தபோது மட்டும் மணியார்டர் வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள், பதினாறாம் நாள் வரை இருந்தாள்.

என் மகளின் கல்யாணம் 2010இல் அன்னூரில் நடந்தது. மலையில் யாருக்கும் பத்திரிகை வைக்கவில்லை. தூரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்குத் தபால்காரர் வந்தார். 241 ரூபாய். இது என்ன தொகை என்று முதலில் பிடிபடவில்லை. செய்தி எழுதும் துண்டில் அவள் கையெழுத்து:

"ஐயா, எல்லோரும் ஏழாம் தேதி எழுதினார்கள். 'ஒருவர்' மட்டும் மாதக் கடைசியில். 24 மாதம். கணக்குச் சரிதானே?"

தபால்காரர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். படிவத்தில் என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.